சொல்லுக்கும் தேதி உண்டு: ஆங்கிலப் பழஞ்சொற்களும் கொச்சைச் சொற்களும் பொருள் மாறும் விதம்

1611இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் ஆங்கில பைபிளில் லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தைத் திறந்தால் 'மீட் ஆஃபரிங்' என்றொரு காணிக்கை வரும். மீட் என்றால் இறைச்சி என்று பள்ளியில் படித்தவர் அடுத்த வரியிலேயே திகைத்துப் போவார். அந்தக் காணிக்கையில் இருப்பவை மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம். கறித்துண்டு ஒன்றுகூடக் கிடையாது. மொழிபெயர்த்தவர்கள் தவறு செய்யவில்லை. அவர்கள் காலத்து ஆங்கிலத்தில் 'மீட்' என்ற சொல்லுக்கு உணவு என்ற பழைய பொருளும் இறைச்சி என்ற பொருளும் அருகருகே வாழ்ந்தன. தமிழ் பைபிளில் இதே இடம் 'போஜனபலி' என்று இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்த இன்றைய வாசகரைவிடத் தமிழ் வாசகருக்கு இந்த வசனம் எளிதில் விளங்கிவிடும்.

பழைய பொருள் முழுதாகச் சாகவுமில்லை. மிட்டாய், பலகாரம் போன்றவற்றுக்கு 'ஸ்வீட்மீட்' என்ற சொல் இன்றும் ஆங்கிலத்தில் உண்டு. 'ஒருவனுக்கு மீட், இன்னொருவனுக்கு விஷம்' என்ற பழமொழியிலும் இறைச்சி இல்லை, உணவுதான்.

ஆங்கிலப் பழஞ்சொல் ஒன்றின் பொருளைக் கேட்பவர், கூடவே இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: எந்த ஆண்டில்? தேதி இல்லாமல் சொல்லப்படும் பொருள் பாதிப் பொருள்தான். கொச்சைச் சொற்களுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். யார் பேசியது, எந்தத் தெருவில் பேசியது என்பதும் அங்கே சேர்ந்துகொள்ளும்.

இரண்டு பொருளையும் தாங்கும் வாக்கியம்

ஒரு சொல் ஒரே இரவில் பொருள் மாறுவதில்லை. பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே வாக்கியத்தில் பழுதில்லாமல் பொருந்தும் இடம் ஒன்று முதலில் அமைய வேண்டும். சொல்பவர் ஒன்றை நினைத்துச் சொல்வார், கேட்பவர் மற்றொன்றாக எடுத்துக்கொள்வார். இருவருக்கும் எந்தச் சிக்கலும் வராது. அதனால் யாரும் திருத்தவும் மாட்டார்கள். மாற்றம் நுழையும் வழி இதுதான்.

இதற்கு 'பீட்' என்ற சொல்லைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. மணி, பாசி என்று இன்று பொருள்படும் இச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வேண்டுதல், ஜெபம் என்று பொருள். இடைக்காலக் கிறிஸ்தவர்கள் எத்தனை ஜெபம் சொன்னோம் என்பதை நூலில் கோத்த உருண்டைகளை விரலால் தள்ளி எண்ணினார்கள். 'அவள் பீடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்' என்று ஒருவர் சொன்னால் அவர் மனத்தில் இருப்பது ஜெபங்கள். அருகில் நிற்கும் குழந்தையின் கண்ணில் படுவது உருண்டைகள். வாக்கியம் இரண்டுக்கும் உண்மை. அந்தக் குழந்தை வளர்ந்து கழுத்தில் அணியும் பாசிமணியையும் 'பீட்' என்று அழைத்தபோதுதான், சொல் கைமாறியிருப்பது வெளியே தெரிந்தது.

'வாண்ட்' இப்படித்தான் நகர்ந்தது. இதன் மூலப்பொருள் இல்லாமை, குறைபாடு. வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்த சொல் இது. குதிரைக்குத் தண்ணீர் 'வாண்ட்' என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் இல்லாத குதிரை தண்ணீரை விரும்பும். அந்த இடைவெளியில்தான் 'விரும்பு' என்ற இன்றைய பொருள் முளைத்தது. 18ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்றில் 'இந்த வீட்டுக்குக் கூரை வாண்ட்' என்ற பாணியில் ஒரு வரி வந்தால், கூரையின்மேல் யாருக்கும் ஆசை இல்லை. கூரை இல்லை, அவ்வளவுதான்.

ஏறியவையும் இறங்கியவையும்

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு என்ற பெயர்கள் பழக்கம். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' துர்நாற்றத்துக்கு இறங்கியது இழிபொருட்பேறு. கள் குடித்த மயக்கத்தைக் குறித்த 'களிப்பு' வெறும் மகிழ்ச்சியாக ஏறியது உயர்பொருட்பேறு. ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் ஒரே இடத்தில் காட்டும் ஜோடி ஒன்று உண்டு.

'நைட்', 'நேவ்' என்ற இரண்டு சொற்களும் பழைய ஆங்கிலத்தில் சிறுவன், பையன் என்ற ஒரே பொருளில் தொடங்கியவை. இரண்டுமே ஏவல் செய்யும் பையனையும் குறித்தன. அரசனிடமும் பிரபுவிடமும் ஏவல் செய்தவன் குதிரையேறிப் போருக்குப் போனான். அவனோடு போன 'நைட்' வீரனாகி, பிறகு பட்டமாகி, இன்று 'சர்' என்ற அடைமொழியோடு நிற்கிறது. சமையற்கட்டிலும் தொழுவத்திலும் நின்றவனோடு இருந்த 'நேவ்' வேலைக்காரன் என்றாகி, நம்பத்தகாதவன் என்றாகி, கடைசியில் அயோக்கியன் என்ற வசையாக முடிந்தது. சீட்டுக்கட்டின் ஜாக் அட்டைக்கு 'நேவ்' என்ற பழைய பெயர் உண்டு. அங்கே மட்டும் அவன் இன்னும் வெறும் ஏவலாள். ஜெர்மன் மொழியில் இவற்றின் உறவுச்சொற்கள் இப்படி எல்லாம் அலையவில்லை. 'க்னெஹ்ட்' வேலையாள், 'க்னாபெ' பையன் என்று இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஏழைகளின் பெயர்கள் வசையாவது ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 'வில்லன்' என்றால் முதலில் பண்ணையாள். லத்தீனில் 'வில்லா' என்பது நிலமும் வீடும் சேர்ந்த பண்ணை, அங்கே உழுதவன்தான் வில்லன். 'ஹஸ்ஸி' என்று பெண்களைத் திட்டும் சொல் 'ஹவுஸ்வைஃப்', அதாவது இல்லத்தரசி, என்பதன் தேய்ந்த வடிவம். இந்தச் சொற்கள் கீழே விழுந்ததற்குச் சொல்லின் ஓசையில் காரணம் இல்லை. அவற்றை எழுதியவர்கள் எந்த வர்க்கத்தில் இருந்தார்கள் என்பதில் இருக்கிறது.

'நைஸ்' எதிர்த்திசையில் போனது. லத்தீனில் 'அறியாதவன்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, 1300ஐ ஒட்டிய ஆங்கிலத்தில் முட்டாள் என்று பொருள் தந்தது. பிறகு எதற்கெடுத்தாலும் நோணாவட்டம் பேசுபவன், அதிலிருந்து நுணுக்கமானவன், நுணுக்கமான ரசனை உடையவன், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இனிமையானது என்று படிப்படியாக ஏறியது. இதில் நடுப்படிதான் வாசகரை ஏமாற்றும். 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று பழைய நூலில் கண்டால் அது 'நல்ல வேறுபாடு' அல்ல, 'நுண்ணிய வேறுபாடு'. 'சில்லி' தலைகீழ்ப் பயணம் செய்தது: பாக்கியம் பெற்றவர், களங்கமற்றவர், பரிதாபத்துக்குரியவர், பலவீனர், மடையர். பழைய பாடல்களில் ஆடுகளைச் 'சில்லி' என்பார்கள். ஆதரவற்ற பாவப்பட்ட ஆடுகள் என்றுதான் அங்கே பொருள்.

பொருள் சுருங்கிய சொற்களும் உண்டு. 'டீர்' இன்று மான், அன்று எந்த விலங்கும். 'ஸ்டார்வ்' இன்று பட்டினி கிடப்பது, அன்று எப்படிச் செத்தாலும் சாவு. இங்கிலாந்தின் வடபகுதிப் பேச்சில் 'ஸ்டார்வ்' குளிரில் விறைப்பதைக் குறிப்பதற்கும் இந்தச் சாவுதான் காரணம். 'கர்ல்' 1300 வாக்கில் ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையையும் குறித்தது.

காலத்தைக் குறிக்கும் சொற்கள் தேய்வதில் ஒரு தனி ஒழுங்கு இருக்கிறது, இது என்னை எப்போதும் வியக்க வைக்கும் பகுதி. 'சூன்', 'அனான்', 'ப்ரெசன்ட்லி', 'பை அண்ட் பை' ஆகிய நான்குக்கும் ஒரு காலத்தில் 'உடனே, இந்தக் கணமே' என்று பொருள். நான்குமே பிற்காலத்தில் 'சிறிது நேரம் கழித்து' என்று தளர்ந்துவிட்டன. 1611 பைபிளின் மாற்கு 6ஆம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகனின் தலையைத் தட்டில் வைத்து 'பை அண்ட் பை' தரும்படி ஏரோதியாளின் மகள் கேட்கிறாள். இன்றைய பொருளில் படித்தால் 'நேரம் கிடைக்கும்போது கொடுங்கள்' என்று கேட்பதுபோல் ஆகிவிடும். அவள் கேட்டது இப்போதே. 'இதோ வந்துட்டேன்' என்று சொன்னவர் எப்போது வருவார் என்பது நமக்குத் தெரியும். வாக்குக் கொடுப்பவர்கள் சொல்லின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவிடுகிறார்கள். பிறகு 'உடனே' என்பதற்குப் புதுச் சொல் தேட வேண்டியதாகிறது.

மிகுதியைக் காட்டும் சொற்களும் அப்படித்தான். 'வெரி' என்பது பழைய பிரெஞ்சில் 'உண்மையான' என்ற சொல். நீதிமன்றத்தின் 'வெர்டிக்ட்' என்ற சொல்லில் அந்த உண்மை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஆஃபுலி', 'டெரிப்ளி' இரண்டிலும் உள்ள அச்சம் கழன்றுபோய் வெறும் 'ரொம்ப' மிஞ்சியது. 'படம் பயங்கரமா நல்லா இருக்கு' என்று சொல்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒருமையில் அழைப்பது

'தவ்' என்ற பழைய சொல்லை இன்று ஆங்கிலேயர்களே பெரும்பாலும் தவறாக உணர்கிறார்கள். பைபிளிலும் ஜெபங்களிலும் கேட்டுப் பழகியதால் அது மிக மரியாதையான சொல் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உண்மை நேர் எதிரானது. 'தவ்' என்பது நம் 'நீ'. 'யூ' என்பது நம் 'நீங்கள்'. கடவுளைத் 'தவ்' என்றது, தமிழில் பக்தர்கள் 'நீயே கதி' என்பதுபோல, நெருக்கத்தால்.

மனிதரிடம் இடம் தெரியாமல் 'தவ்' என்றால் அடிதடி வரும். 1603இல் வால்டர் ராலே மீது நடந்த ராஜதுரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் கோபத்தின் உச்சியில் 'ஐ தவ் தீ, தவ் ட்ரெய்ட்டர்' என்று கத்தினார். 'தவ்' அங்கே வினைச்சொல்லாகவும் வருகிறது. இதை விளக்க ஆங்கில உரையாசிரியர்களுக்கு ஒரு பத்தி வேண்டும். தமிழில் ஒரு வரி போதும்: 'துரோகியே, உன்னை ஒருமையிலேயே அழைக்கிறேன்!' அதன் பிறகான சில தலைமுறைகளில் ஆங்கிலம் 'நீ'யைக் கைவிட்டு எல்லோரையும் 'நீங்கள்' ஆக்கிவிட்டது. ஷேக்ஸ்பியர் நாடகம் படிக்கும் தமிழ் மாணவர், ஒரு பாத்திரம் 'யூ'விலிருந்து 'தவ்'வுக்குத் தாவும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போகலாம். கோபமோ காதலோ அவமதிப்போ அங்கே திரும்புகிறது.

'வேர்ஃபோர்' என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடலாம். 'வேர்ஃபோர் ஆர்ட் தவ் ரோமியோ' என்று ஜூலியட் கேட்பது 'எங்கே இருக்கிறாய்' என்று அல்ல. 'ஏன் நீ ரோமியோவாக இருக்கிறாய்', எதிரி வீட்டுப் பெயர் உனக்கு ஏன் என்பதுதான் கேள்வி.

குழூஉக்குறி

பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று நன்னூல் உரைகள் குழூஉக்குறிக்கு உதாரணம் தருகின்றன. வெளியாளுக்குப் புரியக்கூடாது என்பதே அந்தச் சொல்லின் வேலை. லண்டன் தெருக்களின் கொச்சையில் பெரும்பகுதி இதே வேலைக்காகப் பிறந்தது.

தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் மீனும் விற்ற வியாபாரிகளின் பேச்சை ஹென்றி மேஹ்யூ 1851இல் பதிவு செய்தார். அவர்கள் சொற்களைத் திருப்பிப் பேசினார்கள். ஓசையைத் திருப்பவில்லை, எழுத்துக்களைத் திருப்பினார்கள் என்பது முக்கியம். 'பாய்' திரும்பி 'யாப்' ஆனது. 'பென்னி' திரும்பி 'யெனெப்' ஆனது. 'போலீஸ்' என்பதன் ஆறு எழுத்துக்களைத் திருப்பினால் வாயில் நுழையாத ஒன்று வரும், அதை 'எஸ்லாப்' என்று வளைத்து, பிறகு 'ஸ்லாப்' என்று வெட்டினார்கள். 'கூல் த எஸ்லாப்' என்றால் 'போலீஸ்காரனைப் பார்' என்று எச்சரிக்கை. இந்தக் 'கூல்', 'லுக்' திரும்பியது. பிற்கால ஜாஸ் இசைக்காரர்களின் 'கூல்' வேறு சொல், இரண்டையும் ஒன்றென எண்ணி வேர் காட்டுவது பிழை. இவற்றில் 'யாப்' மட்டும் நன்றாகப் பிழைத்திருக்கிறது. இன்றைய பிரிட்டனில் அது ரவுடித்தனமாகத் திரியும் இளைஞன்.

எதுகைக் கொச்சை இதைவிட நுட்பமான பொறி. ஜான் கேம்டன் ஹாட்டன் 1859இல் வெளியிட்ட அகராதி, இது 12 அல்லது 15 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்கிறது. ஆக 1840களின் சரக்கு. செய்முறை மூன்று படி. மறைக்க வேண்டிய சொல் 'லுக்', அதாவது பார்வை. அதோடு ஓசை ஒத்து முடியும் ஒரு தொடரைப் பிடி: 'புச்சர்ஸ் ஹுக்', கசாப்புக் கடைக் கொக்கி. இப்போது ஓசை ஒத்த பகுதியையே அறுத்து எறி. மிஞ்சுவது 'புச்சர்ஸ்'. 'ஒரு புச்சர்ஸ் போடு' என்றால் 'ஒரு பார்வை பார்'. மூன்றாவது படியில்தான் சூட்சுமம் இருக்கிறது. துப்புக் கொடுக்கக்கூடிய ஒரே பகுதி காணாமல் போய்விடுகிறது. 'லோஃப் ஆஃப் ப்ரெட்' தலையைக் குறித்து, 'லோஃப்' என்று சுருங்கி, 'லோஃபைப் பயன்படுத்து' என்றால் மூளையைப் பயன்படுத்து என்றானது. 'ராபிட் அண்ட் போர்க்', 'டாக்' என்ற சொல்லோடு எதுகை. அதிலிருந்து ஓயாமல் பேசுபவரை 'ராபிட்' செய்கிறார் என்கிறார்கள், முயலுக்கு அங்கே வேலையே இல்லை.

எல்லாத் தொடரும் சுருங்குவதில்லை. திருடனைக் குறிக்கும் 'டீ லீஃப்' முழுதாகவே நிற்கிறது. இங்கே உச்சரிப்பைக் கவனிக்க வேண்டும். கிழக்கு லண்டன்காரர் 'தீஃப்' என்பதை 'ஃபீஃப்' என்பார், நாக்கு பல்லில் படுவதற்குப் பதில் உதடு படும். அவர் காதில் இது பிசிறில்லாத எதுகை. நம் பாடப்புத்தக உச்சரிப்பை வைத்து எதுகை சரியா என்று பார்த்தால் பாதிக்குப் பாதி தோற்றுப்போகும்.

இந்தப் பொறியில் ஒரு பக்கவிளைவும் உண்டு. வால் அறுந்த சொல் எதை மறைத்தது என்பதே மறந்துபோய், கெட்ட வார்த்தை நல்ல வீடுகளுக்குள் புகுந்துவிடும். நாக்கை நீட்டிப் புர்ரென்று ஊதுவதை 'ராஸ்பெரி' என்று குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது 'ராஸ்பெரி டார்ட்', குசு என்ற சொல்லுக்கு எதுகை. முட்டாள் என்ற பொருளில் சாதாரணமாகப் புழங்கும் 'பெர்க்' மறைப்பது அதைவிடப் பல மடங்கு ஆபாசமானது. பொருள் அறியாமல் அதைச் சொல்பவரைக் குறைசொல்ல முடியாது. சொல்லின் இன்றைய எடை குறைவுதான்.

இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களும் ஒரு கொச்சைக் கிடங்கையே ஊருக்குக் கொண்டுபோனார்கள். 'விலாயதி' என்ற உருதுச் சொல், நம் 'சீமை' போல, அயல்நாட்டுச் சரக்கைக் குறித்தது. அது 'ப்ளைட்டி' ஆகி, முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் தாய்நாடு இங்கிலாந்துக்குச் செல்லப்பெயரானது. வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு மட்டும் பட்ட காயத்தையும் அதே சொல்லால் அழைத்தார்கள். 'பார்' என்று பொருள்படும் இந்தி 'தேக்கோ' என்பதிலிருந்து பார்வையைக் குறிக்கும் 'டெக்கோ', 'குஷி'யின் மூலமான 'குஷ்' என்பதிலிருந்து சொகுசு வேலையைக் குறிக்கும் 'குஷி'. 'டூலாலி' என்றால் பைத்தியம். நாசிக் அருகேயுள்ள தேவ்லாலி முகாமில் பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். குளிர்காலத்தில்தான் கப்பல் வரும். வெயிலும் சும்மா இருப்பதும் புத்தியைக் கலக்கியதை, காய்ச்சலைக் குறிக்கும் 'தாப்' சேர்த்து 'டூலாலி டாப்' என்றார்கள்.

கொச்சை ஏன் சீக்கிரம் சாகிறது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. குழுவின் அடையாளமாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. அப்பாக்கள் பேசத் தொடங்கியதும் பிள்ளைகள் கைவிடுவார்கள். பாராட்டுச் சொற்கள் மிக வேகமாகத் தேயும். 1920களின் 'பீஸ் நீஸ்', 1960களின் 'க்ரூவி' இரண்டும் இன்று பேசுபவரின் வயதைத்தான் காட்டும். ஆனால் குழுவைத் தாண்டிப் பொதுத் தேவை ஒன்றைப் பிடித்துக்கொண்ட சொல் தங்கிவிடும். ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் எழுதிய கட்டுரை ஒன்றில், 'மாப்' என்ற சொல்லின் பரவலைத் தடுக்கப் பல ஆண்டுகள் முடிந்த அளவு போராடியும் எண்ணிக்கைமுன் தோற்றுவிட்டேன் என்று நொந்துகொண்டார். லத்தீன் தொடர் ஒன்றை வெட்டிச் செய்த அன்றைய நாகரிகக் கொச்சை அது. இன்று கும்பல் என்பதற்கு அதைவிட்டால் ஆங்கிலத்தில் வேறு நேர்ச்சொல் எளிதில் அகப்படாது. 'பஸ்' இன்னும் வேடிக்கையானது. 'எல்லோருக்கும்' என்ற லத்தீன் 'ஆம்னிபஸ்' சொல்லின் வேற்றுமை உருபு மட்டும் தனியே கழன்று வண்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கோட்டைப் பதிவேடுகளில்

தமிழ் வாசகர்கள் பழைய ஆங்கிலத்தோடு மெய்யாகவே மோதும் இடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பதிவேடுகள். இங்கே தவறாகப் படித்தால் வரலாறே தவறாகும், ஆகவே சற்று நின்று பார்ப்பது நல்லது.

'ஃபாக்டரி' என்று வந்தால் தொழிற்சாலை என்று மொழிபெயர்க்கக் கூடாது. கம்பெனிக்காக வாங்கி விற்ற முகவர் 'ஃபாக்டர்'. அவர் தங்கிய, சரக்குச் சேர்த்த பண்டகசாலைதான் ஃபாக்டரி. மசூலிப்பட்டினத்திலோ கடலூரிலோ ஃபாக்டரி இருந்தது என்றால் அங்கே கம்பெனி ஆலை வைத்து எதையோ உற்பத்தி செய்ததாக ஆகாது. 'ரைட்டர்' எழுத்தாளர் அல்ல, பணிவரிசையின் அடிப்படியில் இருந்த இளம் குமாஸ்தா. 'இன்வெஸ்ட்மென்ட்' முதலீடு என்ற இன்றைய பொருளில் வராது. அந்தப் பருவத்தில் கப்பலேற்றி அனுப்பக் கொள்முதல் செய்த சரக்கு, சென்னையைப் பொறுத்தவரை பெரும்பாலும் துணி. 'அவுட்க்ரை' கூச்சல் அல்ல, ஏலம். 'கான்டிரி ஷிப்' நாட்டுப்புறக் கப்பலும் அல்ல, ஐரோப்பா போகாமல் ஆசியத் துறைமுகங்களுக்கிடையே ஓடிய வணிகக் கப்பல். 'கானிகாப்பொலி' என்ற விசித்திர உருவைக் கண்டால் பயப்பட வேண்டாம், வாய்விட்டுப் படித்தால் நம் கணக்குப்பிள்ளை வெளியே வருவார்.

'காஷ்' மிகப் பெரிய பொறி. ரொக்கம் என்ற 'காஷ்' பெட்டியைக் குறிக்கும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது. சென்னைப் பதிவேட்டின் 'காஷ்' போர்த்துகீசியர் வழியாகப் போன நம் காசு. எழுத்து ஒன்று, சொல் இரண்டு. ரூபாய் முறை வருவதற்கு முந்தைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், அதாவது 3,360 காசு. '500 காஷ் கொடுக்கப்பட்டது' என்ற பதிவைப் பெரிய ரொக்கத் தொகையாக எண்ணினால் கணக்கு கவிழும். ஆறேகால் பணம்தான் அது, ஒரு வராகனில் ஏழில் ஒரு பங்கு அளவு.

இந்தச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி 1886இல் வந்தது: 'ஹாப்சன்-ஜாப்சன்'. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல். பர்னெல் சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர், தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். அதனால்தான் சுருட்டு, கட்டுமரம், மிளகுத்தண்ணீர் எல்லாம் அதில் தேதியிட்ட மேற்கோள்களோடு கிடைக்கின்றன.

அழகான கதைகள்

ஒரு சொல்லின் வேருக்கு மிக அழகான கதை சொல்லப்பட்டால் முதலில் சந்தேகப்படுங்கள். 'நியூஸ்' என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துக்கள் என்று நம் பள்ளிகளில் இன்றும் சொல்லித்தருகிறார்கள். அது பொய். 'நியூ', அதாவது புதியது, என்பதன் பன்மை அது. பழைய கையெழுத்துப் படிகளில் பல விதமாக எழுத்துக்கூட்டப்பட்டிருப்பதே போதுமான சான்று. முதலெழுத்துக்களைச் சேர்த்துச் சொல் செய்யும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. அதற்கு முந்தைய சொல் ஒன்றை முதலெழுத்துச் சுருக்கம் என்று யார் சொன்னாலும் ஏறக்குறைய எப்போதும் தவறாகத்தான் இருக்கும். பகட்டான, உயர்தரமான என்ற பொருளில் இன்று வழங்கும் 'பாஷ்' இப்படித்தான். இந்தியா போகும்போது கப்பலின் இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் நிழலான அறைகள், அந்த டிக்கெட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் நான்கு முதலெழுத்துக்கள் முத்திரை என்பது கதை. அப்படி ஒரு டிக்கெட் இதுவரை கிடைத்ததில்லை. 19ஆம் நூற்றாண்டுக் கொச்சையில் 'பாஷ்' என்றால் சில்லறைக் காசு, பிறகு பகட்டுக்காரன் என்று அகராதிகளில் இருக்கிறது.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 'ஓகே'. அது நிஜமாகவே முதலெழுத்துக்கள்தான், தேதியும் நமக்குத் தெரியும். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' என்ற எழுத்துப்பிழையோடு சுருக்கி அச்சிட்டார்கள். அக்காலப் பத்திரிகைகளில் அது ஒரு விளையாட்டு, அதே பாணியில் பிறந்த மற்றவை எல்லாம் செத்துவிட்டன. மறு ஆண்டு தேர்தலில் நின்ற அதிபர் வான் பியூரன் கிண்டர்ஹூக் ஊர்க்காரர். 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்ற அவர் பட்டப்பெயரின் முதலெழுத்துக்களும் அவையே. தேர்தல் கோஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றிவிட்டது. இதை 1960களில் நிறுவிய ஆலன் வாக்கர் ரீட் செய்தது ஒன்றுதான்: பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

தேடும் முறை

முதலில் நூலின் தேதி. இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. பழைய பதிவில் '1700 பிப்ரவரி' என்றிருந்தால் நம் கணக்கில் அது 1701 ஆகலாம்.

அடுத்து எழுத்து. 1800ஐ ஒட்டிய காலம்வரை அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் 'எஸ்', 'எஃப்' போலவே நீண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் குறுக்குக்கோடு முழுதாக இராது. கணினி இதை அடிக்கடி தவறாகப் படிக்கும். 'சைட்' எனும் பார்வை 'ஃபைட்' எனும் சண்டையாகிவிடும். மின்வடிவ நூல்களில் சொல் தேடுபவர் பக்கத்தின் படத்தையும் திறந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. கடைப் பலகைகளில் 'யீ ஓல்ட்' என்று வாசிக்கப்படுவதும் இத்தகைய எழுத்து மயக்கம்தான். 'த' ஒலிக்கு இருந்த 'தோர்ன்' எழுத்தின் வடிவம் 'ஒய்' போலாகி, அச்சுக்கோப்பவர்கள் 'ஒய்'யையே வைத்தார்கள். அதை அன்று எல்லோரும் 'த' என்றுதான் படித்தார்கள்.

பிறகு சொல்லை அல்ல, வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வரலாற்று அகராதிக்குப் போக வேண்டும். ஆங்கிலத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. 1857இல் திட்டமிட்டு, 1884இல் முதல் பகுதி வந்து, 1928இல் முடிந்தது. தன்னார்வலர்கள் நூல்களைப் படித்து, ஒரு சீட்டில் ஒரு மேற்கோளும் ஆண்டும் எழுதி அனுப்பினார்கள். 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் அச்சேறின. சீட்டு தொலைந்தால் சொல்லும் தொலையும். அடிமைப்பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' அப்படித்தான் முதற்பதிப்பில் விடுபட்டது. நேர்மாறான விபத்தும் உண்டு. 'டி ஆர் டி', அதாவது 'பெரிய டி அல்லது சிறிய டி, அடர்த்தியின் சுருக்கம்' என்று குறிக்கும் சீட்டை ஒரே சொல்லாகப் படித்துவிட்டதால், 1934இன் வெப்ஸ்டர் அகராதியில் 'டார்ட்' என்றொரு இல்லாத சொல் அடர்த்தி என்ற பொருளோடு குடியேறியது. 1939இல்தான் கண்டுபிடித்தார்கள். கொச்சைக்கு 1785இல் வந்த ஃப்ரான்சிஸ் க்ரோஸ், 2010இல் மூன்று தொகுதிகளாக வந்த ஜோனதன் க்ரீன் ஆகியோரின் அகராதிகள் உதவும். அகராதி தரும் முதல் ஆண்டு, சொல் பிறந்த ஆண்டு அல்ல. அது அச்சில் அகப்பட்ட ஆண்டு. கொச்சை வாயில் பல காலம் ஓடிய பிறகே தாளுக்கு வரும்.

இவ்வளவையும் ஒரு வரியில் செய்து பார்க்கலாம். 1600ஐ ஒட்டி எழுதப்பட்ட ஹாம்லெட் நாடகத்தின் முதல் அங்கம். தந்தையின் ஆவி கையசைத்து அழைக்கிறது. நண்பர்கள் ஹாம்லெட்டைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அவன் சொல்கிறான்: என்னை 'லெட்' செய்பவனைப் பேயாக்கிவிடுவேன். 'லெட்' என்றால் விடு, அனுமதி என்று வைத்தால், போக விடுபவனைக் கொல்வேன் என்றாகிறது. காட்சியோடு ஒட்டவில்லை. அகராதியில் 'லெட்' இரண்டு தனிச் சொற்களாக இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு உருவில் இருந்து, தேய்ந்து ஒரே உருவானவை. ஒன்று விடுவது, மற்றொன்று தடுப்பது. 1611 பைபிளில் ரோமருக்கு எழுதின நிருபத்தின் முதல் அதிகாரத்தில், வர நினைத்தும் இதுவரை 'லெட்' ஆனேன் என்று பவுல் எழுதுகிறார். தமிழ் பைபிளும் அங்கே தடைபட்டதைத்தான் சொல்கிறது. ஆக ஹாம்லெட் மிரட்டுவது தடுப்பவனை.

தடுக்கும் 'லெட்' வினைச்சொல்லாக இன்று வழக்கில் இல்லை. பெயராக ஓரிரு இடங்களில் மட்டும் ஒண்டியிருக்கிறது. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையின் மேல்விளிம்பில் பட்டு, விழ வேண்டிய கட்டத்துக்குள்ளேயே விழுந்தால் நடுவர் சொல்லும் 'லெட்' ஒன்று. இன்னொன்று இந்தியப் பாஸ்போர்ட்டில், குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிட்ட வேண்டுகோளில் இருக்கிறது. இதை வைத்திருப்பவரை 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்', தடையோ இடையூறோ இன்றி, போக விடுங்கள் என்கிறது அது.